ஒளிராத ஜாக்கெட்

மூன்று தடவை துவைத்த பிறகும் ஜாக்கெட் ஒளிர்ந்தது. துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்த கர்ட்டுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இலையும் கிளையுமாய் அச்சிட்ட வேட்டைத் துணி, திருவிழாப் பந்தல் மாதிரி நீலமாய் மின்னியது. வெளியே மனிதர் கண்ணுக்குத் தெரியாத அந்த நீலம், மான் கண்ணுக்குத் தப்பாது.

விடிந்தால் துப்பாக்கி சீசன்; வில்லுக்கு மட்டும் அனுமதி இருந்த நாட்கள் இன்றோடு முடிகின்றன. அடுத்த நிலத்து ஹைக்கினன் சகோதரர்கள் அவன் குறிவைத்திருந்த பெரிய கொம்பு மானை விட்டுவைக்கப் போவதில்லை. வில்லோடு அதைச் சந்திக்க இன்று சாயங்காலம் ஒன்றுதான் பாக்கி. இலையுதிர் காலம் முழுக்க, அவன் பரண் கட்டி உட்கார்ந்த மரத்தடிக்கு வந்த பெண் மான்களெல்லாம் நேராக அவனை அண்ணாந்து பார்த்து, காலால் தரையைத் தட்டிவிட்டு ஓடின. கொம்பனும் கூடவே ஓடியது.

வெண்மை கூட்டும் ரசாயனம் கலக்காத வேட்டை சோப்பு வாங்கினான். ஒளிர்வை மறைக்கும் திரவத்தையும் தெளித்தான். இன்னும் என்னதான் செய்வது? முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் மனைவி மார்சியிடம் எரிந்து விழுந்தான்.

"அதே மெஷின்லதானே என் வெள்ளை யூனிஃபார்மும் ஓடுது? பளிச் பவுடர் உள்ள பூரா ஒட்டியிருக்கும். நீ அதுலயே திரும்பத் திரும்பக் குளிப்பாட்டுற."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"துணியில உன் வாசம் பட்டா மான் மோப்பம் பிடிச்சிரும், கிட்ட வராதேன்னு விரட்டினது யாரு?"

கொல்லைக் குழாயடியில் வாளி வைத்து, விரல் மரத்துப்போகக் கசக்கி அலசித் திரவத்தை மறுபடி தெளித்தான். விளக்கில் பார்த்தால் கும்மிருட்டு. ஆனால் ஜாக்கெட் சொட்டச் சொட்ட ஈரம். உலர்த்தும் மெஷினிலோ, துணி மணக்கப் போடும் வாசனைத் தாளின் நெடி. வீட்டு நீராவிக் குளியலறை விறகடுப்புப் பக்கத்தில் காயவைக்கச் சொன்னாள் மார்சி. புகை வாசம் ஏறிவிடும் என்று மறுத்துவிட்டான்.

"அப்ப ஈரத்தோடயே போ. நிமோனியாவையாவது வேட்டையாடிட்டு வா."

போனான்.

பொழுது சாயும் நேரம் பெண் மான் வந்தது. அண்ணாந்து பார்த்தது. அவன் இருந்த இடத்தில் மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதது போல் மேயத் தொடங்கியது. பின்னாலேயே கொம்பன், பக்கவாட்டில், முழு உடம்பும் தெரிய.

கர்ட் வில்லை இழுத்தான். ஈரம் உறைந்து விறைத்திருந்த ஜாக்கெட்டின் கை மடிப்புகள் அப்பளம் போல் சத்தத்தோடு நொறுங்கின.

இரண்டு வெள்ளை வால்கள் நிமிர்ந்து, ஹைக்கினன் வேலிப் பக்கமாய் மறைந்தன. அங்கே யாரோ நாளைக்காகத் துப்பாக்கியைச் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். கர்ட் ஏணியில் இறங்கினான். படிக்குப் படி ஜாக்கெட் நொறுநொறுத்தது.