எல்லா வீடும் சிவப்பு

என் கணவருக்கு ஒரு மருந்துக் கிடங்கில் இருப்பு பார்க்கும் வேலை. எந்த மாத்திரை குறைகிறதோ, எக்செல்லில் அந்தக் கட்டம் தானாகச் சிவக்கும். நிறைய இருந்தால் பச்சை, இரண்டுங்கெட்டானாக இருந்தால் மஞ்சள். அதற்குக் கண்டிஷனல் ஃபார்மட்டிங் என்று பெயராம். கிடங்கில் அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அதை அவர் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்ததுதான் வினை.

குடை எடுத்துப்போகலாமா என்று வானத்தைப் பார்க்க மாட்டார், லேப்டாப்பைப் பார்ப்பார். சாயங்காலம் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்று, "காலைல பச்சைதான் காட்டுச்சு" என்பார். உறவுக்காரர்களுக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். யார் வீட்டுக்கு எப்போது போகலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். என் தம்பி அதில் நிரந்தரச் சிவப்பு. சண்டைக்குப் போனேன். "உன் தம்பி பேச ஆரம்பிச்சா கடைசி பஸ் போயிடுது. அதுக்குத் தனியா மார்க் இருக்கு" என்றார். பொய்யில்லை, அவன் அப்படித்தான்.

இதையெல்லாம் சிரித்தே தள்ளிவிட்டேன். வீடு மாற்றும் விஷயத்தில்தான் என்னால் சிரிக்க முடியவில்லை.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருடைய மகள் குடிவரப் போகிறாளாம், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். இந்த வீட்டின் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரை முறைத்துக்கொண்டு நிற்கிறது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டினாலும் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிவதில்லை. தைப்பதைவிடப் பிரிப்பதுதான் அதிகம். போகிற வீட்டில் எனக்கு வெளிச்சம் வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம்.

தரகர் பின்னால் தெருத்தெருவாக அலைந்தோம். அதில் ஒரு மாடி வீட்டில், முன்னறை முழுக்க வெயில். எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனசில்லை. இவர் டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டிய பெண்டாட்டிக்கு என்ன வேண்டும் என்று சொல்லாமலே தெரிய வேண்டாமா ஒரு மனுஷனுக்கு?

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தார். "எல்லா வீடும் சிவப்பு!" என்றார், இடி விழுந்த மாதிரி. மறுநாள் இன்னும் இரண்டு வீடு பார்த்தோம். அவையும் சிவப்பு. தரகர் எங்கள் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டார். பாதிப் பாத்திரம் பெட்டிக்குள் போய்விட்டது, போக இடம்தான் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "காட்டுங்க, அப்படி என்னதான் குறைன்னு சொல்லுது உங்க லேப்டாப்?"

"எந்தக் கட்டத்துலயாவது மூணு மார்க்குக்குக் கீழ போனா, அந்த வீடே சிவப்பு" என்றார் பெருமையாக.

வாடகை, தண்ணீர், மாடிப்படி, ஆபீஸ் தூரம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் 'மனைவி விருப்பம்' என்று ஒரு பத்தி. மேலிருந்து கீழ்வரை காலி.

"இது ஏங்க காலியா கிடக்கு?"

"நீதான் ஒண்ணும் சொல்லலையே."

"காலியா விட்டா அது எத்தனை மார்க்?"

தலையைச் சொறிந்தார். "பூஜ்யம்னு... எடுத்துக்கும் போல."

ஊரில் இருக்கிற வீட்டையெல்லாம் நான்தான் வேண்டாம் என்று தள்ளியிருக்கிறேன், வாயைத் திறக்காமலே!

"என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்டேன். 'உங்க இஷ்டம்'னுட்டே. அந்த 'உங்க இஷ்ட'த்துக்கு நான் எத்தனை மார்க் போடறது?"

சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. லேப்டாப்பை என் பக்கம் இழுத்து நானே மார்க் போட்டேன். ஐந்து, நாலு, ஆறு. ஒவ்வொரு வீடாகப் பச்சையும் மஞ்சளுமாக மாறியது. மாடி வீட்டுக்குப் பத்து போட்டேன். அது மட்டும் சிவப்பாகவே நின்றது. ஆபீஸ் தூரத்தில் அவர் இரண்டு போட்டிருந்தார்.

"அத மூணாக்குங்களேன்."

"பொய் மார்க் போட மாட்டேன். அங்கேருந்து ரெண்டு பஸ் மாறணும், எனக்கு இடுப்பு விட்டுப்போகும். ரெண்டுதான்."

அந்த மனுஷன் சொல்வதும் நியாயம்தான். மனசு விட்டுப்போயிற்று. "சரி, பச்சையா இருக்கறதுல ஒண்ணப் பாருங்க" என்று எழுந்தேன்.

நான் சமையலறைக்குப் போவதற்குள் அவர் தரகரிடம் போனில் பேசுவது கேட்டது. "அண்ணே, அந்த மாடி வீடு இருக்கா? யாருக்கும் குடுத்துடாதீங்க. இப்பவே கிளம்பி வர்றோம்."

ஓடிவந்தேன். "என்னங்க இது, சிவப்பு காட்டுதே!"

"காட்டட்டும். அது வந்து வீட்டப் பாத்துச்சா?" சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "நான் பாத்தேன். பையிலேருந்து ஊசிய எடுத்து, அந்த ஜன்னல்கிட்ட நின்னு நூல் கோத்த. கண்ணாடிகூடப் போடல. ஒரே தடவைல கோத்துட்ட."