வடிகட்டிய கரைசல்

கொதிநீரில் நான்கு நாள் கிடந்த மாதிரிப் பட்டையை எடுத்துத் துடைத்தேன். போடும்போது செங்கல் நிறத்தில் பளபளத்தது. இப்போது மேலெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. வளைத்து முறிக்கும் எந்திரத்தில் வைத்து அழுத்தினேன். நல்ல பட்டை உடையும்போது அறையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் வரும். இது ஊறிய பிஸ்கட் மாதிரி முறிந்தது. அழுத்தம் காட்டும் முள் பாதி தூரம்கூடப் போகவில்லை.

அடுத்த பட்டையும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

எங்கள் ஆலையில் இன்சுலேட்டர்கள் வார்க்கிறோம். உயர் அழுத்த மின்சாரம் ஓடும் செம்புக் கம்பிகளைப் பேனலின் இரும்புப் பெட்டியில் படாமல் தாங்கி நிற்கும் கட்டைகள். அவற்றில் எப்பாக்சி என்ற செயற்கைப் பிசின் பாதிகூட இல்லை. மீதி சிலிக்கா மாவு, அதாவது மாவாக அரைத்த மணல். மாவு சேர்ந்தால் கட்டை சுருங்காது, சூட்டில் வெடிக்காது. ஆனால் மணலுக்குப் பிசினைவிடத் தண்ணீரைத்தான் பிடிக்கும். ஈரம் கிடைத்தால் பிசினைக் கைவிட்டு அதனோடு போய்விடும். அப்படிப் போகாமலிருக்க இடையில் சிலேன் என்றொரு திரவம். ஒரு கையால் மணலையும் மறுகையால் பிசினையும் பிடித்துக்கொள்ளும். நூறு கிலோ மாவுக்கு ஒரு கிலோ போதும்.

அது இல்லாவிட்டாலும் கட்டை பார்க்க அப்படியேதான் இருக்கும். உலர்ந்த நிலையில் சோதித்தால் தேறியும் விடும். ஈரம் ஏறினால்தான் மின்சாரம் அதன் வழியே இரும்புக்குத் தாவிப் பேனலே வெடிக்கும். வாடிக்கையாளரின் படிவத்தில் கேட்டிருப்பது உலர் சோதனை மட்டும்தான். கொதிநீர்த் தொட்டியின் ஹீட்டர் எரிந்துபோய் ஏழு மாதம் ஆகியிருந்தது. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். மூன்றாவது முறை கேட்கவில்லை. போன வாரம்தான் புதிது வந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் எடுத்து வைத்திருந்த பழைய மாதிரிகளை எல்லாம் ஒன்றாகப் போட்டேன்.

முறிந்த துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கலவை அறைக்குப் போனேன்.

அங்கே கலக்குபவரை எல்லோரும் மாவுக்காரர் என்பார்கள். புருவம்கூட வெள்ளையாக இருக்கும். "என்ன டீச்சரம்மா, இந்தப் பக்கம்? சுவத்துல ஒட்டப் புதுச் சீட்டு ஏதாவது கொண்டு வந்தீங்களா?" என்றார். யாரிடமும் நேரில் சொல்லாமல் நான் சீட்டு எழுதி ஒட்டுவதால் வந்த பட்டம் அது.

"சிலேன் கலக்குறதைப் பாக்கணும்ணே."

"கலந்தாச்சே. நேத்து மிச்சமே ஒரு கேன் இருக்கு."

வாளியின் வாயில் ஒரு வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் கட்டியிருந்தார். கேனைச் சாய்த்தார். துணியின் மேல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஏதோ தேங்கி நின்றது. கீழே விழுந்தது கண்ணாடி போல் இருந்தது.

"எதுக்குண்ணே வடிகட்டுறீங்க?"

"ஒரு தடவை கலந்தா மூணு நாளைக்கு வரும். ஆனா மறுநாளே திரிஞ்சு போயிடுது. நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க." மோவாயால் சுவரைக் காட்டினார். என் கையெழுத்துதான். 'கரைசல் தெளிந்த பிறகே பயன்படுத்தவும்.'

"கலங்கலா ஒரு சொட்டு ஊத்தினதில்ல. யாரை வேணா கேளுங்க" என்றார். குரலில் பெருமை இருந்தது.

அமிலம் சேர்த்த நீரில் சிலேனை ஊற்றினால் முதலில் கலங்கும். அரை மணி நேரத்தில் தெளியும். அப்போது தயார். நாலு மணி நேரத்துக்குள் மாவின் மேல் தெளித்துவிட வேண்டும். அதற்கு மேல் சிலேன் தனக்குத்தானே கைகோத்துக்கொண்டு மறுபடி கலங்கும். அப்புறம் அது எதையும் பிடிக்காது. முதல் கலங்கலைப் பற்றி மட்டும் எழுதியிருந்தேன். இங்கே ஐந்து நிமிடம் நின்று பேசியிருந்தால் இரண்டாவதையும் சொல்லியிருப்பேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்து ஒட்டிவிட்டுப் போனேன்.

துணியில் நின்றதுதான் சிலேன். வாளியில் இருந்தது புளித்த தண்ணீர்.

"எப்ப இருந்துண்ணே?"

"வெயில் ஏறினதுல இருந்துதான். அதுக்கு முன்னாடி திரிஞ்சதில்லையே. ஏன், தப்பா?"

துணியை அவிழ்த்து வாளிக்குள் போட்டேன். "இனிமே காலையில கலந்ததை மதியத்துக்கு மேல தொடாதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

வெயில் ஏறியதிலிருந்து வார்த்த கட்டைகளில் ஒரு தொகுதி நீரேற்று நிலையத்துக்குப் போயிருந்தது. அங்கேதான் அக்காவின் கணவர் வேலை பார்க்கிறார். மின் அறை தரைக்குக் கீழே, கிணற்றை ஒட்டி இருக்கிறது. அதன் சுவர் கோடையிலேயே வியர்க்கும். வெளியே மழை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

முதலாளி முறிந்த துண்டுகளை மேசையில் உருட்டிப் பார்த்தார்.

"உலர் சோதனையில தேறுச்சா இல்லையா?"

"தேறுச்சு சார். ஆனா ஈரத்துல..."

"ஏம்மா, யாராவது கொதிக்கிற தண்ணிக்குள்ளயா கொண்டுபோய் மாட்டப் போறாங்க?"

"சார், அந்த ரூம்ல..."

"இனிமே சரியாக் கலக்கச் சொல்லு. போனது போச்சு. இதைப் பத்தி வெளியில மூச்சு விடக் கூடாது."

பிசின் ஒரு தடவை இறுகினால் இறுகினதுதான். உருக்கித் திருத்த முடியாது. அதை அவரிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் கதவுவரை போய்விட்டேன்.

மாமாவுக்குப் போன் செய்தேன்.

"பேனல்ல ஏதாவது சத்தம் கேக்குதா மாமா?"

"கேக்குதே. பத்து நாளா எண்ணெயில வெங்காயம் போட்ட மாதிரி சொய்ங்குது. உங்கக்கா சமைக்கிறான்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"வாடை?"

"மூக்கைக் குத்துற மாதிரி ஏதோ ஒண்ணு. அதுவும் உங்கக்கா சமையல்தான்."

"மாமா, அதை ஆஃப் பண்ணுங்க."

"ஊருக்குத் தண்ணி யாரு குடுப்பா, நீயா? இன்ஜினியர் கேட்டா மச்சினிச்சி சொன்னான்னு சொல்லட்டுமா?" சிரித்தார். நான் சிரிக்காததைக் கவனித்திருக்க வேண்டும். "சரி, எழுத்துல ஏதாவது குடு. அப்பத்தான் அவர் கையை வைப்பார்."

ஆய்வகத் தாளில் நாலு வரி எழுதினேன். தொகுதி எண், கொதிநீர்ச் சோதனையின் முடிவு, மின்சாரத்தை உடனே நிறுத்த வேண்டும், என் கையெழுத்து. தலைவலி என்று அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மழையில் பஸ் பிடித்தேன்.

இன்ஜினியர் தாளை இரண்டு முறை படித்தார். "இதுல உங்க முதலாளி கையெழுத்து இல்லையே?"

"இல்ல சார்."

"சோதிச்சது யாரு?"

"நான்தான்."

"நல்லா இருக்குன்னு முன்னாடி சர்டிபிகேட் குடுத்தது?"

"அதுவும் நான்தான் சார்."

தாளை மடித்துப் பையில் வைத்தார். "மேல் தொட்டி நிறைய இருபது நிமிஷம் இருக்கு. நிறைஞ்சதும் நிறுத்திடறேன்" என்று படியேறிப் போனார்.

மாமாவும் நானும் மின் அறையின் வாசலில் நின்றோம். படிகளில் மழைத் தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணி ஆனதும் மாமா அட்டையையும் பேனாவையும் எடுத்தார். மணிக்கொரு முறை பேனலின் முன்னால் நின்று மீட்டர்களைப் பார்த்து எழுத வேண்டும்.

நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"நகரு. ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம் மாமா. போன மணிக்கு எழுதினதையே எழுதிடுங்க."

"பார்றா! வாயே திறக்காத புள்ள, பொய்க் கணக்கு எழுதச் சொல்லுது."

"ஆமா. எழுதுங்க."

என் தோளில் கை வைத்து விலக்கப் பார்த்தார். இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் மாறியிருந்தது. சொய்ங்கென்று இல்லை. யாரோ துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துக் கிழித்து நிறுத்துவது போல் இருந்தது. மாமாவும் கேட்டார். அவர் கை என் தோளிலிருந்து இறங்கியது.

அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு படி பின்னால் போனார். மேலே மோட்டார்கள் நிற்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

மின்சாரத்தை நிறுத்திப் பூமிக்கு இணைத்துவிட்டுப் பேனலின் பின்கதவைத் திறந்தார்கள். இன்ஜினியர் டார்ச் அடித்தார். இருபத்து நாலு கட்டைகளில் பதினொன்றின் மேல் கறுப்புக் கோடுகள், வேர் மாதிரி கிளை விட்டு இறங்கியிருந்தன. ஒன்றில் கோடு செம்பிலிருந்து புறப்பட்டு இரும்பை நெருங்கியிருந்தது. நடுவில் ஒரு நகத்தின் அகலம் மிச்சம்.

பேனலின் முன்னால் ரப்பர் விரிப்பு கிடந்தது. மாமா நின்று நின்று இரண்டு பாதங்களின் அளவுக்கு அது தேய்ந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதே கட்டை வேற எங்கெல்லாம் போயிருக்கு?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"ஒரு மாவு மில்லுக்கு சார். ஒரு ஆஸ்பத்திரிக்கு. இன்னொரு தொகுதியை ஒரு தரகர் வாங்கினார். எங்க மாட்டினாங்கன்னு தெரியாது."

"ஆஸ்பத்திரிக்கு முதல்ல பேசுங்க." எண்ணைத் தேடிப் போட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

வெகுநேரம் கழித்து ஒரு பெண் எடுத்தாள். கரண்ட் ரூமில் இருப்பவர் வேண்டும் என்றேன்.

"கீழ கரண்ட் ரூமுக்குள்ள மழைத் தண்ணி புகுந்துடுச்சும்மா. எல்லாரும் அங்கதான் இறைச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க யாரு?"

சொன்னேன்.

"ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் வாளிகள் தரையில் மோதும் ஓசை வந்துகொண்டிருந்தது.