இடது பக்கத்து ஜன்னல்

கேரவன்காரர்களின் குணமே தனி. வீட்டுக் கூரை ஒழுகினால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற அந்தச் சக்கர வீட்டில் ஒரு திருகு தளர்ந்தால் போதும், தூக்கம் போய்விடும். வெண்டி ஹார்க்கரின் பிழைப்பு அந்தக் குணத்தை நம்பித்தான் ஓடியது. இங்கிலாந்தில் ஹார்ன்சீ கடற்கரையை ஒட்டிய மைதானத்தில் குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கேரவன்களை ஈஸ்டருக்கு முன்னால் திறந்து, பிரேக், கேஸ், சுவரில் ஏறிய ஈரம் எல்லாவற்றையும் சோதித்து, போய் வாருங்கள் என்று அனுப்பி வைப்பது அவள் வேலை.

அன்று காலை கடலிலிருந்து மூடுபனி ஏறி, பக்கத்து வண்டிகூடத் தெரியாமல் போயிருந்தது. கிளிஃப் ஓம்ப்ளர் தன் கேரவன் வாசலில் கையில் தேநீரோடு நின்றார். எழுபதைத் தாண்டியவர். அவர் மனைவி ஏவிஸ் இரண்டு இலையுதிர்காலங்களுக்கு முன்னால் இதே கேரவனில்தான் தூக்கத்திலேயே இறந்துபோனாள். இதயம் என்றார் டாக்டர். ஏற்கெனவே அதற்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவள் என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அதன்பிறகு வண்டி இந்த இடத்தை விட்டு நகரவில்லை. இன்று மத்தியானம் மகள் ரூத் வருகிறாள். பேத்தி டில்லியையும் கூட்டிக்கொண்டு வண்டியை மலைப்பக்கம் இழுத்துப் போகப்போகிறாள். வெண்டி சரி என்று சொன்னால்தான் பிள்ளையை அதில் படுக்க வைப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"எல்லாம் நானே பாத்து வெச்சிட்டேன் கண்ணு. நீ சும்மா ஒரு சுத்து சுத்திட்டு டீயக் குடி" என்றார் கிளிஃப்.

"நீங்க பாத்தீங்கன்னாதான் எனக்குப் பயமே. உங்க தம்பி வண்டியில கேஸ் குழாய்க்குப் பேப்பர் ஒட்டுற டேப்பச் சுத்தி வெச்சது யாரு?"

"அது அவசரத்துக்கு."

"ஆமா, மேல போய்ச் சேர்ற அவசரம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்து வெண்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிளிஃப் அதைக் காதில் வாங்காதவர்போல் தேநீரை ஊதினார்.

வெளிவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் துருவேறிப் பிடித்துக்கொள்ளாதபடி கை பிரேக்கை இறுக்காமல், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து முறையாகத்தான் நிறுத்தியிருந்தார். வெண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினாள்.

குளிர்காலத்தில் மெத்தைகளைப் படுக்க விடக்கூடாது என்பது இந்த மைதானத்தில் திரிகிற நாய்க்குக்கூடத் தெரியும். காற்றோட்டத்துக்காகச் சுவரிலிருந்து தள்ளி நிமிர்த்தி வைப்பார்கள். ஈரத்தை இழுக்க நடுவில் ஒரு கிண்ணம் உப்பும் வைப்பார்கள். இங்கேயும் எல்லா மெத்தைகளும் நிமிர்ந்துதான் நின்றன, இடது பக்கப் படுக்கையில் இருந்த ஒன்றைத் தவிர. அது படுத்துக் கிடந்தது. நடுவில் ஆள் படுத்த பள்ளம். அதன் அருகில் இருந்த கிண்ணத்தில் உப்பே இல்லை, தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது.

ஊசிமுனைகள் கொண்ட ஈரமானியைச் சுவரில் அங்கங்கே குத்திப் பார்த்தாள். சுற்றிலும் காய்ந்த பிஸ்கட்போல இருந்தது. இடது பக்கத்தில், தலையணை வைக்கிற இடத்துக்கு நேரே மட்டும் முள் கடைசிவரை போயிற்று. மேலே கூரையின் இணைப்பில் ஒழுகல் இல்லை, ஜன்னல் ரப்பரும் திடமாகத்தான் இருந்தது. அந்த ஜன்னலில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது, ராத்திரி யாரோ படுத்து எழுந்த மாதிரி.

வெண்டி அதைத் துணியால் துடைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது கண்ணாடியின் கீழ்மூலையில் வட்டமாக ஒரு ஆவி. அது பெரிதாயிற்று, சுருங்கியது, மறுபடி பெரிதாயிற்று. நிதானமான, ஆழ்ந்த தூக்கத்து மூச்சு. வெண்டிக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் செத்த எலியையும் உயிருள்ள பாம்பையும் கையால் எடுத்துப் போட்டவள் இப்போது வாசல் பக்கமாக இரண்டடி பின்வாங்கினாள்.

"கிளிஃப், உள்ள யாராச்சும் வந்து படுக்குறாங்களா?"

"சாவி என்கிட்டல்ல இருக்கு." அவர் வாசலில் நின்றபடியே பேசினார். "மெத்தைய நிமித்தி வெச்சுட்டுப் போவேன். அடுத்த ஞாயித்துக்கெழம வந்தா படுத்திருக்கும். எலின்னு நெனச்சுக்கிட்டேன்."

"எலி மூச்சுவிட்டா ஜன்னல் இப்படி வேர்க்குமா?"

கிளிஃப் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அதத் தொடைக்கறதில்ல வெண்டி. அது ஏவிஸ் படுத்த பக்கம். வலது பக்கம் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடுவேன். நீயும் தொடைக்காத."

வெண்டி வேலையைப் பார்த்தாள். மிச்சம் இருந்தது ஹீட்டர். பழைய காலத்து கேஸ் ஹீட்டர். பற்றவைத்துவிட்டு, விஷவாயுவை அளக்கும் மானியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலோரமாக நின்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு எண் ஏறத் தொடங்கியது. இடது படுக்கைப் பக்கம் கையை நீட்டியதும் மானி வீறிட்டுக் கத்தியது. அவள் ஹீட்டரை அணைத்து, கதவையும் கூரைத் திறப்பையும் தள்ளிவிட்டு வெளியே குதித்தாள்.

"உங்க வண்டியில விஷவாயு அலாரம் எங்க?"

"கரண்டி டிராயர்ல கெடக்கு. ரொட்டி வாட்டும்போதெல்லாம் கத்துதுன்னு பேட்டரியக் கழட்டிட்டா ஏவிஸ்."

உள்ளே காற்று மாறியதும் வெண்டி திரும்பப் போய், ஹீட்டருக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும் துளையைத் தேடினாள். தீ எரியவும் ஆள் மூச்சு விடவும் காற்று வருகிற வழி அது. விரலை விட்டால் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள். நீளமான, தடித்த கம்பளிக் காலுறை ஒன்று வந்தது.

"அட, இது இங்கயா இருந்துச்சு!" கிளிஃபின் முகம் மலர்ந்துவிட்டது. "மீன் புடிக்கப் போறப்ப போடுறது. வீட்ல இன்னொண்ணு ஒத்தையாக் கெடக்கு. அந்தக் கடைசி ராத்திரி ஏவிஸ் கால் சில்லுங்குதுன்னா. கீழேருந்து காத்து வருதேன்னு நாந்தான் சொருகி விட்டேன். அப்புறம் என் கொறட்ட தாங்கலன்னு என்னை வெளிக்கூடாரத்துக்குத் தொரத்திட்டா. போறப்ப கேட்டேன். இப்போதான் கதகதப்பா இருக்குன்னா."

அந்தக் காலுறை என்ன செய்தது என்பதைச் சொல்லாமலே இருந்துவிடுவது என்று வெண்டி அந்தக் கணத்தில் முடிவு செய்துவிட்டாள். துளை திறந்தாயிற்று, பிள்ளைக்கு ஆபத்தில்லை, இந்த மனிதர் இதயம் என்றே நம்பிக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்கட்டும்.

"வேலை முடிஞ்சதும் திரும்பச் சொருகிடு கண்ணு. டில்லி அந்தப் பக்கந்தான் படுப்பா. அவளுக்கும் கால் சில்லுன்னு போயிடும்."

வேறு வழியில்லாமல் போயிற்று. வெண்டி படியில் உட்கார்ந்தாள். "கிளிஃப், டாக்டர் சொன்னத நான் மறுக்கல. அன்னிக்கு நான் இங்க இல்ல. ஆனா இந்த ஓட்டைய அடைச்சா இந்த ஹீட்டர் விஷத்தக் கக்கும். மானி கத்தினது அதுக்குத்தான். டில்லி இருக்கறப்ப இத யாருமே அடைக்கக்கூடாது. நீங்களும்தான்."

கிளிஃப் அவள் கையிலிருந்த காலுறையைப் பார்த்தார். மானியைப் பார்த்தார். தேநீர் கோப்பை சாய்ந்து அவர் பூட்ஸில் வழிந்தது, அவர் கவனிக்கவில்லை. பிறகு மெல்லப் படியேறி உள்ளே போய் இடது பக்கத்து ஜன்னலின் முன் நின்றார்.

கண்ணாடி சுத்தமாக இருந்தது. வெளியே மூடுபனி தெரிந்தது. அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ந்திருந்தது. மெத்தையை எடுத்து நிமிர்த்தி வைத்தார். அது நின்றது.

"எங்க போனா?" என்று கேட்டார். வெண்டியிடம் கேட்ட மாதிரி இல்லை.

மைதானத்தின் வாசலில் பனிக்குள் காரின் விளக்குகள் தெரிந்தன. ரூத்தான். கிளிஃப் காலுறையை வெண்டியின் கையிலிருந்து வாங்கி, துளைக்கு எதிரே மண்டியிட்டார்.

"ஒரே நிமிஷம். சொருகிட்டு எடுத்துடறேன். அவளோட ஒரு மூச்சு மட்டும்."

வெண்டி குறுக்கே போகவில்லை. போக முடியவில்லை. வெளியே கார்க் கதவு திறந்தது. "தாத்தா!" என்று டில்லி பனிக்குள்ளிருந்து கத்தினாள்.

கிளிஃபின் கை துளைமேல் அப்படியே நின்றது. பிறகு காலுறையைச் சுருட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெண்டியிடம் நீட்டினார்.

"நீயே எடுத்துட்டுப் போயிடு கண்ணு. எங்கயாவது தூரமாப் போட்டுடு. எங்கிட்ட இருந்தா நான் சொருகிடுவேன்."