சிவப்புச் சுருள்

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது சமணர்களான நயினார் வீட்டு வழக்கம். தன்யகுமாரும் அதற்காகவே தினமும் வெயில் இருக்கும்போதே மில்லிலிருந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். வேட்டவலம் ரோட்டில் இருந்த அந்த அரிசி மில்லில் அவர் பாய்லர் ஆபரேட்டர். தொண்ணூற்று நாலாம் வருஷம், ஆடி மாதம்.

"இன்னும் கொஞ்சம் மோர் ஊத்து லதா. காத்து ஒரே சீரா அடிக்குது. எனக்குப் புடிக்கல."

"போன வருஷம் புயலுக்கே அசையல. இந்தக் காத்துக்கா பயப்படுறீங்க?" என்று மனைவி கனகலதா சிரித்தாள்.

"புயல் தாறுமாறா அடிக்கும். சீரான காத்து ஊஞ்சல் தள்ளுற மாதிரி, ஒவ்வொரு தள்ளும் சேந்துக்கும். மேல சிம்னி ஆடுறத நான் தெனம் பாக்குறேன். அதச் சுத்தி இரும்புப் பட்டை வெச்சுக் குடுங்கன்னு முதலாளியக் கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது."

மோரைக் குடித்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் பாய்லரில் தீயைக் குறைத்துக்கொண்டிருந்தபோது புகைபோக்கி பாதியில் முறிந்து பாய்லர் கொட்டகையின் மேல் விழுந்தது. அவரை உயிரோடு எடுக்க முடியவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அன்னைக்குப் புயல் ஏதாவது அடிச்சுதாம்மா?"

"இல்லைங்க. சாதாரணக் காத்துதான். ஆனா..."

"அப்புறம் எப்படிக் காத்து தள்ளியிருக்கும்? அதுவும் மேக்குக் காத்து. தள்ளியிருந்தா கெழக்க இல்ல விழணும்? இது வடக்க விழுந்திருக்குது." ஆபரேட்டர் அளவுக்கு மீறித் தீ போட்டதில் புகைபோக்கித் தகடு இளகிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்.

வடக்கே விழுந்ததுதான் அத்தாட்சி என்று அவளுக்குத் தெரியும். தன்யகுமார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். உருண்டையான குழாயில் மோதும் காற்று அதன் முதுகுப்புறம் வரைக்கும் ஒட்டிக்கொண்டு போகாது. இந்தப் பக்கம் ஒரு சுழல், அந்தப் பக்கம் ஒரு சுழல் என்று மாறி மாறிப் பிய்த்துக்கொண்டு போகும். போகிற ஒவ்வொரு சுழலும் குழாயைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் மேற்குக் காற்றில் குழாய் வடக்கும் தெற்குமாகத்தான் ஆடும். இதைக் கேட்க அந்த ஊரில் ஒரு காது இல்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்றார்கள். துக்கம் இருந்தது உண்மை. அதனால் காற்று பொய்யாகிவிடுமா?

முதலாளி இராமலிங்கம் அவளுக்கு மில்லிலேயே எடைச்சீட்டு எழுதும் வேலை கொடுத்தார். ஊரெல்லாம் அவரைப் பாராட்டியது. அவளும் போனாள். முறிந்த அதே உயரத்தில், அதே பருமனில் புதிய புகைபோக்கிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அதன் அடியில்தான் களம். ஜோதியம்மாளும் மற்றப் பெண்களும் அங்கேதான் நாள் முழுவதும் நெல் காயவைத்துத் துழாவினார்கள்.

"முதலாளி, புதுசுலயாவது பட்டை வெக்கச் சொல்லுங்க. உச்சியிலேருந்து மூணுல ஒரு பங்கு உயரத்துக்குச் சுருளா சுத்தி வெல்டிங் வெச்சா போதும்."

"தோ பாரும்மா, இது உங்க அடுப்புப் புகைக்கூண்டு இல்ல."

அவள் விடவில்லை. ஊறல் தொட்டித் தண்ணீர் வேகமாக ஓடும் வாய்க்காலுக்கு அவரைக் கூட்டிப்போய், கையில் ஒரு மெல்லிய நீளக் குழாயைக் கொடுத்து ஓட்டத்தில் செங்குத்தாகப் பிடிக்கச் சொன்னாள்.

"அட, உதறுதே!" என்றார் முதலாளி. "பக்கவாட்டுல உதறுது!"

அதே குழாயில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுருளாகச் சுற்றிக் கொடுத்தாள். தண்ணீர் முன்னைவிடக் கொஞ்சம் பலமாகத் தள்ளியது. ஆனால் உதறல் அடங்கிவிட்டது.

"சுருள் இருந்தா சுழலெல்லாம் ஒரே நேரத்துல பிரியாதுங்க. மேல ஒரு நேரம், கீழ ஒரு நேரம்னு செதறிடும். ஒண்ணு சேந்து இழுக்காது."

அவர் நனைந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. சுருள் போடச் சொல்லிடுறேன்."

அன்று வீட்டுக்கு வந்து, வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

புதிய புகைபோக்கியை நிறுத்திய காலையில் ஜோதியம்மாள் களத்திலிருந்தே கூவினாள். "கனகா, வந்து பாரு! இன்னா அழகு! திருவிழாக் கடைல விக்கிற குச்சிமுட்டாய் மாதிரி கீது!"

ஆமாம், சுருள் இருந்தது. உச்சியிலிருந்து அடிவரைக்கும் சிவப்பாகச் சுற்றிக்கொண்டு வந்தது. கனகலதா கிட்டே போய்க் கையை வைத்தாள். வழவழவென்று இருந்தது. பெயிண்ட்.

"சுருள் கேட்ட, போட்டாச்சு இல்ல?" என்றார் முதலாளி. "பட்டை வெச்சா எடை ஜாஸ்தின்னு பட்டறைல சொன்னான். தூரத்துலேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதானே?"

"காத்து தூரத்துலேருந்து பாக்குமாங்க?"

"அன்னைக்கு விசாரிக்க வந்த ஆபீசரே பட்டறைல பாத்துட்டு நல்லாக்குதுன்னு சொல்லிட்டாரு. நீ இன்னாம்மா புதுசா?"

அவள் கத்தியிருக்கலாம். கத்தினால் அதையும் துக்கத்தில் சேர்த்திருப்பார்கள். நேரே களத்துக்குப் போய்ப் பெண்களைக் கூட்டி, இது பெயிண்ட்தான், பட்டை இல்லை என்று சொன்னாள்.

"அப்ப இது வெறும் முட்டாயா?" என்றாள் ஜோதியம்மாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த ஆடியில் மேற்குக் காற்று சீராகப் பிடித்த அன்று உச்சி ஆட ஆரம்பித்தது. பெண்கள் நெல்லை வாரிக்கொண்டு, புகைபோக்கி விழுந்தாலும் எட்டாத கிழக்குக் கோடிக்குப் போய்விட்டார்கள். முதலாளி ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"எங்க தலையக் கேட்டு எடுத்தோம்," என்றாள் ஜோதியம்மாள்.

ஆடிதோறும் அப்படியே நடந்தது. புகைபோக்கி விழவில்லை. "பாத்தியாம்மா, விழலையே!" என்று முதலாளி வருஷம் தவறாமல் சொன்னார். விழவேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஓர் ஆள் சாரத்தில் ஏறி அந்தச் சுருளுக்கு மறுபடியும் வண்ணம் அடிக்கிறான். ஒவ்வொரு வருஷமும் அதே சிவப்புதான்.