அவர் அனுப்பிய ஆள்

உச்சி வெயிலில் சொந்த வீட்டு வாசலிலேயே புகழேந்தி நின்றிருந்தான். உள்ளே தாழ்ப்பாள். மண்டியில் காலையிலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கியவனுக்குப் பசி காதை அடைத்தது. திண்டிவனத்தில் அந்தத் தெருவே அவனை வேடிக்கை பார்த்தது.

விக்கிரவாண்டி டோல்கேட் அருகே வண்டியிலிருந்து விழுந்ததில் மனைவி கலையரசிக்குத் தலையில் பலத்த அடி. பிழைத்து வந்தவள் எல்லோரையும் அடையாளம் கண்டுகொண்டாள், புருஷனைத் தவிர. "அவர மாதிரியே இருக்கீங்க. ஆனா அவரு இல்ல." கல்யாண போட்டோவைக் காட்டினான். அவள் அக்கா வந்து சத்தியம் செய்தாள். ஒன்றும் எடுபடவில்லை.

அவள் கண்ணில் கோளாறில்லை, முகம் பார்த்ததும் 'நம்ம ஆள்' என்று உள்ளே எழவேண்டிய உணர்வுதான் எழவில்லை, அதனால் போலி என்று மூளை முடிவுகட்டுகிறது என்றார் விழுப்புரத்து நரம்பு டாக்டர். அவளோடு வாதாடக் கூடாதாம். அவரா குடித்தனம் நடத்துகிறார் என்று புகழேந்தி பஸ்ஸெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான்.

ஆனால் முகம் தெரியாமல் போனில் பேசினால் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வராது. இப்போதும் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. உள்ளேயிருந்து அவள்தான்.

"எங்கங்க இருக்கீங்க? ஜல்தி வாங்க. வாசல்ல ஒரு ஆளு நின்னுக்கினு போவ மாட்டேங்கறான்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தெருமுனைக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "அவன் நான் அனுப்புன ஆளு, கலை. உள்ள வுட்டு சோறு போடு."

அவன் வாசலுக்குத் திரும்பியதும் கதவு திறந்தது. "வாங்கண்ணே" என்றாள்.

கட்டிய மனைவி வாயால் அண்ணன். அதையும் சோற்றோடு விழுங்கினான். கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு அவள் எட்ட நின்றாள்.

"இது அவருக்கு உசுரு. ஆனா நல்லாருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்லண்ணே."

அவன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "நல்லாருக்கும்மா" என்றான்.

"நீங்க சொல்லி என்ன? அவரு சொல்லணும்."

கிளம்பும்போது, அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்று ஒரு டிபன் பாக்ஸை நீட்டினாள். வாங்கிக்கொண்டு மறுபடியும் அதே வெயிலில் தெருமுனைக்கு நடந்து போன் செய்தான்.

"அந்தாளு குடுத்தான். கொழம்பு நல்லாருக்கு, கலை."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "இப்பனாச்சும் சொன்னீங்களே" என்றாள்.

டாக்டர் கொடுத்த மாத்திரை மெல்ல வேலை செய்தது. அந்த 'அண்ணே' நிற்பதற்குள் ஆடி போய் ஐப்பசி வந்துவிட்டது.