ஐந்தாம் நம்பர் புத்தகம்

எதையும் கடைசியிலிருந்து பார்ப்பதுதான் அக்காவின் பழக்கம். மருந்துக்கடையில் இருபத்தோரு வருஷமாக நிற்பவள். மாத்திரை அட்டை கைக்கு வந்தால், பெயரைப் படிப்பதற்கு முன்னால் திருப்பிப் போட்டுக் காலாவதி தேதியைப் பார்ப்பாள். கதைப் புத்தகமும் அப்படித்தான். கொலைக் கதை ஒன்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் போதும், கொலைகாரன் யார் என்று கடைசிப் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

இதனால் அதிகம் அழுதது தங்கைதான். அக்காவைவிட ஒன்பது வயது சின்னவள், குட்டி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. அம்மா அப்பா போன பிறகு அக்காதான் எல்லாம். வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் ஏதாவது ஒரு நகரத்துக்கு நாலு நாள் போவார்கள். போவதற்கு முன்னால் அந்த ஊரைப் பற்றி ஐந்து புத்தகம் படித்தாக வேண்டும். இது குட்டி பத்து வயதில் போட்ட சட்டம். ஐந்தும் ஐந்து ரகமாக இருக்க வேண்டும். "ஒரே மாதிரி அஞ்சு படிச்சா, ஒரே ஜன்னல்ல நின்னு ஊரைப் பார்த்த மாதிரி ஆயிடும்" என்பாள், பெரிய மனுஷி! புத்தகங்களைப் பொறுக்குபவள் அட்டைக்குள் நம்பர் எழுதுவாள். அந்த வரிசையில்தான் படிக்க வேண்டும். ஐந்தாம் நம்பர் எப்போதும் கொலைக் கதை, ரயிலில் படிப்பதற்கு. அக்கா எந்த வருஷமும் அதை ரயில்வரை விட்டுவைத்ததில்லை. புத்தகம் வந்த அன்றைக்கே கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது வாய் தவறிக் கொலைகாரன் பேரைச் சொல்லித் தொலைப்பாள். குட்டி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாள்.

கல்யாணமாகி குட்டி தூரத்து நகரத்துக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை லிஃப்ட் கம்பெனியில் என்ஜினியர். சட்டை கசங்காத ஆள், பேச்சில் தேன் ஒழுகும். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. முதல் வருஷம் குட்டி தினமும் பேசினாள். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு அவளுடைய போன் கெட்டுப்போனது. கெட்டுப்போன போன் இரண்டு வருஷமாகச் சரியாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தன் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கொடுப்பார். அவரும் பக்கத்திலேயே இருப்பார். நல்லா இருக்கேன், பாப்பா நல்லா இருக்கா, நீ நல்லா இருக்கியா. அவ்வளவுதான்.

ஏதோ சரியில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். தெரியாமல் என்ன? உடம்பெல்லாம் கன்றிப்போய், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று களிம்பு வாங்க வரும் பெண்களை இருபத்தோரு வருஷமாகப் பார்க்கிறாள். நேரில் போய் முகத்தைப் பார்க்க வேண்டும், நினைத்தது நிஜமென்றால் கையோடு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அந்த எண்ணம் ஒரு வருஷமாக மனதைக் குடைந்துகொண்டிருந்தது. போகத்தான் பயம். போனால் தெரிந்துவிடுமே!

போன மாதக் கடைசியில் குட்டியே கூப்பிட்டாள்.

"அக்கா, லீவுக்கு இங்க வாயேன். நாலு நாள் ஊர் சுத்தலாம். அஞ்சு புக்கு அனுப்புறேன், படிச்சிட்டு வா."

"அடேயப்பா, இன்னும் அந்தச் சட்டம் இருக்கா?"

"இருக்கு. ஆனா நீ எப்படிப் படிப்பன்னு எனக்குத் தெரியாதா? புக்கு கைக்கு வந்த அன்னைக்கே திருட்டுத்தனம் பண்ணுவ. நாப்பது வயசு தாண்டியும் நீ திருந்தப்போறதில்ல."

குட்டி சிரித்தாள். பக்கத்திலிருந்து மாப்பிள்ளையும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அக்காவுக்குச் சுருக்கென்றது. வேற்று மனுஷன் முன்னால் இப்படியா மானத்தை வாங்குவாள்? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தத் தடவை பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இரண்டாம் தேதி பார்சல் வந்தது. ஒன்று, அந்த நகரத்தின் பழைய கதை, தலையணைக்கு ஆகும். இரண்டு, அங்கே பாலம் கட்டிய ஒருவரின் வாழ்க்கை. மூன்று, ஒல்லியான கவிதைப் புத்தகம். நான்கு, அந்த ஊர்ப் பறவைகள், படத்தோடு. ஐந்து, கொலைக் கதை. அட்டைக்குள் குட்டியின் கோணல் கையெழுத்தில் நம்பர்கள்.

அக்கா ஒன்றாம் நம்பரை எடுத்தாள். கடைக்குப் போகும் பஸ்ஸில் படித்தாள், மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தாள். எந்த ராஜா எந்தக் கால்வாயை வெட்டினால் அவளுக்கென்ன? கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தாள். கடை முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, பரீட்சை எழுதப் போறியா?" என்றார்.

"ஆமா சார். எங்க வீட்டு வாத்தியாரம்மா வச்ச பரீட்சை. இருபத்தஞ்சாம் தேதியிலிருந்து எனக்கு நாலு நாள் லீவு வேணும்."

"இந்த வாரமே போயேன். கடையில வேலை குறைச்சல்தான்."

"இன்னும் படிச்சு முடிக்கல சார்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போனார். படித்து முடித்துவிட்டுப் போகிறேன் என்பது எவ்வளவு நல்ல சாக்கு! யாரும் குறை சொல்ல முடியாது, பயமாக இருக்கிறது என்று தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. குட்டி குளிக்கிறாள் என்றார் மாப்பிள்ளை. அரை மணி கழித்துக் கூப்பிட்டாள். இன்னும் குளிக்கிறாள் என்றார். அன்று சாயங்காலம் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கால்வாய்க் கதை தலைக்குள் ஏறவில்லை. கை தானாகக் கொலைக் கதையிடம் போனது. பின்னட்டையை விரலால் நெம்பியும் விட்டாள். ஒரே ஒரு பக்கம், யாருக்குத் தெரியப்போகிறது? அப்போதுதான் அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. சீ என்று புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியை அலமாரி மேல் எறிந்தாள். அன்று ராத்திரி தன்னைத்தானே மெச்சிக்கொண்டு படுத்தாள், பாவி.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை. பாலம் கட்டியவர் வாழ்க்கையில் பாதி தாண்டியிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது, நன்றாகப் படித்தாள்.

பதினைந்தாம் தேதி குட்டிக்குக் காய்ச்சல், தூங்குகிறாள். இருபத்திரண்டாம் தேதியும் தூங்குகிறாள். கவிதைகளை ஒரே நாளில் விழுங்கினாள். பறவைகளை இரண்டு நாளில் முடித்தாள். இருபத்தைந்தாம் தேதி காலையில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் ஐந்தாம் நம்பரை எடுத்து, முதல் பக்கத்தில் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

ஏழு மணி நேரப் பயணம். கதை நன்றாகத்தான் இருந்தது. கடைசி அத்தியாயம் வந்தபோது வெளியே அந்த நகரத்தின் முதல் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்தன. கொலைகாரன் பிடிபட்டான். அவள் நினைத்த ஆள் இல்லை. அட, வரிசையாகப் படித்தால் இப்படி ஒரு ருசி இருக்கிறதா, குட்டியிடம் முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கதை பாதிப் பக்கத்தில் முடிந்திருந்தது. அதன் கீழே பென்சிலால் பொடிப் பொடியாக எழுதியிருந்தது.

"அக்கா, நீ முதல்ல இங்கதான் வருவ. இவர் புக்கையெல்லாம் உதறிப் பார்த்துட்டுத்தான் அனுப்புவார், அதான் இதுல எழுதுறேன். அடி தாங்க முடியல. பன்னெண்டாம் தேதி வெளியூர் போறார், ரெண்டு நாள். பூட்டிட்டுத்தான் போவார். மாத்துச் சாவி ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன். பாப்பாவைத் தூக்கிக்கிட்டுத் தனியா எங்கயும் போக எனக்குத் தைரியம் இல்ல, கையில காசும் இல்ல. காலைல பத்து மணிக்குக் கீழ கேட்டுகிட்ட நிப்பேன். நீ வந்தா போதும்."

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். எதிரே இருந்தவர் "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். ரயில் நின்றது.

பிளாட்பாரத்தில் மாப்பிள்ளை மட்டும் நின்றார். கசங்காத சட்டை. "வாங்கக்கா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். கொலைக் கதையை அக்கா கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

வீடு ஏழாவது மாடியில். குட்டி கதவருகில் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். முழுக்கை ரவிக்கை. தேநீர் டம்ளரை நீட்டும்போது ரவிக்கையின் கை மேலே ஏறியது. மணிக்கட்டுக்கு மேல் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கன்றல். கன்றல் எத்தனை நாள் பழசு என்று அக்காவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு வாரம் இருக்கும்.

"பாப்பா எங்க?" என்றாள் அக்கா.

மாப்பிள்ளை சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க சொந்தக்காரங்க வீட்ல இருக்கா. இங்க பத்திரம் இல்லக்கா, அதான். பன்னெண்டாம் தேதி நான் ஊர்ல இல்ல. உங்க தங்கச்சி பையும் குழந்தையுமா காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கு வெளியில நின்னிருக்கா. வெயில்ல! வாட்ச்மேன் போன் பண்ணிச் சொன்னான், ஓடி வந்தேன். யாருக்காக நின்னேன்னு கேட்டா இன்னை வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேங்கறா."

"எனக்காகத்தான் நின்னா" என்றாள் அக்கா. "குட்டி, வா. இப்பவே கிளம்பு."

மாப்பிள்ளை எழுந்து போய்க் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "தாராளமாக் கூட்டிட்டுப் போங்கக்கா. நான் தடுக்கவே இல்லையே."

குட்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"போலீஸுக்குப் போவேன் மாப்பிள்ளை."

"போங்க. அப்பன் தன் குழந்தையைச் சொந்தக்காரங்க வீட்ல விடுறது குத்தமா என்ன? அடுத்த வாரம் எனக்குக் கடல் தாண்டி மாத்தல் ஆகுது. பாப்பா என்கூட வர்றா. இவ வர்றதும் வராததும் இவ இஷ்டம்."

"குட்டி!" அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்தது கன்றின இடத்தில். குட்டி முகத்தைச் சுளித்தாள், கையை விடுவித்துக்கொண்டாள்.

"பாப்பா எந்த ஊர்ல இருக்கான்னு இவருக்கு மட்டும்தான் தெரியும் அக்கா. நான் எங்க வர?"

திறந்த கதவு வழியாக லிஃப்ட் மேலே வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் காய்ப் பையோடு எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காவின் மடியில் கைப்பை திறந்து, புத்தகத்தின் முனை வெளியே தெரிந்தது. குட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப படிச்ச?"

"இன்னைக்கு. ரயில்ல."

"வரிசையாவா?"

அக்காவால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது. கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

குட்டி சிரித்தாள். "நல்ல நேரம் பார்த்துத் திருந்தின, போ."

அது என்ன வேடிக்கை என்று புரியாமலேயே மாப்பிள்ளையும் கூடச் சிரித்தார். குட்டி மூன்று டம்ளரையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.