காசு கட்டின பக்கம்

2003 மார்ச் பதினோராம் தேதி, ஹைதராபாத் நாச்சாரத்தில் வால்வு தயாரிக்கும் ஜம்புநாதன், ஒரு வெளிநாட்டுத் தேடுபொறிக்குத் தன் கம்பெனியின் இணையப் பக்கத்தைச் சேர்ப்பதற்கான ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினார். இரண்டு நாளில் பக்கம் அதன் முதல் திரையில் தெரிந்தது.

அன்று மத்தியானமே ஜெனிட்டாவை வரச்சொன்னார். தேடுகிறவர் கண்ணில் முதலில் படும்படி கம்பெனிகளின் பக்கங்களை எழுதித் திருத்துவது அவள் தொழில். செகந்திராபாத்தில் மருந்துக்கடை மாடியில் சின்ன ஆபீஸ். காசு கட்டினால் சேர்த்துக்கொள்ளும் திட்டம் வந்ததிலிருந்து வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஜம்புநாதனும் போனால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான்.

“ஏம்மா, மழைக்காலத்துலேர்ந்து ‘தேடுபொறிக்காரங்க ரோபோ ப்ரோகிராம் தானா வரும், வந்து பக்கத்தைப் படிக்கும்’னு ஜோசியக்காரி மாதிரி சொல்லிட்டிருந்தே. நான் கார்டைத் தேச்சேன். வந்துடுச்சு.”

“காசு கட்டினா உள்ளே விடுவாங்க சார், அவ்வளவுதான். முன்னாடி நிக்கிறது நான் எழுதின மேட்டராலே. அவங்களே அவங்க சைட்டுல அப்படித்தான் போட்டிருக்காங்க.”

“காசு வாங்கறவன் வேற எப்படிப் போடுவான்?”

ஜெனிட்டா பட்டறையில் லேத்துக்காரர்கள் பக்கத்தில் நின்று, எந்த வால்வு எந்த நீராவிக்குத் தாங்கும், வெளிநாட்டுக்காரன் அதை என்ன பேர் சொல்லிக் கேட்பான் என்று விசாரித்து எழுதிய பக்கம் அது. ஆனாலும் அந்தத் தேடுபொறிக் கம்பெனி உள்ளே என்ன செய்கிறது என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

“இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்,” என்றார்.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். பக்கத்தைத் திருத்துகிற பாஸ்வேர்டைத் திருப்பித் தரும்படி அவர் கேட்கவில்லை. ஆபீஸுக்கு வந்ததும் தான் எழுதியதை ஒரு வரி விடாமல் எடுத்தாள். கம்பெனிப் பெயரும் ஒரு வால்வின் படமும் மிஞ்சின. இலவசமாகச் சேர்ந்த பக்கமென்றால் ரோபோ திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். காசு கட்டின பக்கத்தை இரண்டு நாளுக்கொருமுறை வந்து பார்க்கும். பார்த்தது. பக்கம் ஐந்தாம் திரைக்குச் சரிந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

முதல் திரையையும் ஐந்தாம் திரையையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நாச்சாரம் போனாள்.

“என் எழுத்தை எடுத்தேன் சார், விழுந்துடுச்சு. காசு கட்டினது அப்படியேதானே இருக்கு? இப்பவாவது நம்புங்க.”

ஜம்புநாதன் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீயா எடுத்தே?”

“ஹவ் சார்.” ஆமாம் என்பதற்கு ஹைதராபாத் பேச்சு அவள் வாயில் வந்துவிட்டது.

“ஹவ்வாம். என் வீட்டுக்குள்ளே பூந்து சாமானைத் தூக்கிட்டு, என்கிட்டயே ஹவ்வுங்கறே.”

“அது என் எழுத்து சார். ஒரு மணி நேரத்துல திருப்பிப் போட்டுடறேன்.”

“ஒண்ணும் கிழிக்க வேண்டாம்.” அவள் எதிரிலேயே கம்ப்யூட்டர் பார்க்கும் பையனுக்குப் போன் போட்டார். “தம்பி, முதல்ல பாஸ்வேர்டை மாத்து. அப்புறம், அந்தத் தேடுபொறிக்காரன்கிட்ட இதைவிடப் பெரிய ஸ்கீம் என்ன இருக்கு? யாராவது தட்டற ஒவ்வொரு க்ளிக்குக்கும் இவ்வளவுன்னா? சரி, அதையும் கட்டு.”

ஜெனிட்டா தாள்களை மடித்துப் பையில் வைத்தாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார்.

மாதக் கடைசியில் மருந்துக்கடைக்காரரிடம் மாடிச் சாவியைக் கொடுத்தாள். ஜம்புநாதனின் கம்பெனி மறுபடி முதல் திரைக்கு வந்திருந்தது, வலது ஓரத்தில், ‘விளம்பரம்’ என்ற சொல்லுக்குக் கீழே. தட்டினால் கம்பெனிப் பெயரும் ஒரு வால்வின் படமும் வந்தன.